மாம்பழக் காலத்துக் கொசுக்கள்

யாழ்ப்பாணத்தில் மாம்பழக் காலம் பிறந்துவிட்டதென்பதை இரண்டு அறிகுறிகள் தெரிவிக்கின்றன. ஒன்று, சந்தை முழுவதும் பரவும் கறுத்தக்கொழும்பானின் வாசனை. மற்றது, குசினி மூலையில் இருக்கும் பழக் கடகத்தின் மேல் சிறு புகைபோல் எழுந்து அடங்கும் கொசுக் கூட்டம். முதலாவதைப் பற்றிப் பெருமை பேசாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் அடுப்படியில் நிற்கும் பெண்கள் மட்டுமே.

நிலத்தையும் கூலியையும் சாதிக் கொடுமையையும் பற்றிப் பேசவேண்டிய பக்கங்களில் கொசுவுக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாள்தோறும் பல மணி நேரம் குசினியில் நிற்பவர் யார்? அவருடைய உழைப்புக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. அவருக்கு நேரும் தொல்லையை அற்பம் என ஒதுக்குவது, அந்த உழைப்பையே அற்பம் என ஒதுக்குவதாகும். அன்றியும், இச் சிறு பூச்சியைப் பின்தொடர்ந்து சென்றால் அது நம்மைக் கள்ளுமுட்டிக்கும், கிணற்றுக்கும், ருஷ்யச் சிறைச்சாலை ஒன்றுக்கும் கூட அழைத்துச் செல்கிறது. எனவே சற்றுப் பொறுமையுடன் உடன் வருமாறு வேண்டுகிறோம்.

முதலிற் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். தமிழ்நாட்டு நண்பர்கள் கொசு என்பதை நாம் நுளம்பு என்கிறோம். அவர்கள் ஈ என்பது நமக்கு இலையான். நாம் கொசு என்று சொல்வது கனிந்த பழத்தையும் புளித்த கள்ளையும் சுற்றித் திரியும் பழ ஈயை. நீளம் மூன்று மில்லிமீற்றர் அளவு. உடல் மஞ்சள் கலந்த கபிலம். கண்கள் செங்கல் நிறம். விஞ்ஞானிகள் இதனைத் துரோசோபிலா என்பர். மாம்பழத்தை வெட்டினால் உள்ளே நெளியும் புழு இதனுடையதன்று. அது மரத்திலிருக்கும் காயையே துளைத்து முட்டையிடும் வேறொரு பெரிய ஈயின் புழு. அதனைப் பின்னர் காண்போம்.

நம் வீட்டுக் கொசுவுக்கு நல்ல தோலைத் துளைக்கும் வலிமை இல்லை. வெடித்த இடம், அடிபட்டு நைந்த இடம், காம்பு கழன்ற இடம் ஆகியவற்றிலேயே அது முட்டையிடும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நானூறு முட்டை வரையில் இடக்கூடும். ஒரு நாளில் முட்டை பொரிந்து புழு வெளிவரும். புழு நான்கைந்து நாள் தின்று வளர்ந்து, உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து சென்று கூடாகும். நமது வெப்பநிலையில் ஏறத்தாழப் பத்து நாளில் முட்டை ஈயாகிவிடும். இந்தப் பத்து நாட் கணக்கை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒழிப்பு முறை முழுவதும் அதன்மீதே நிற்கிறது.

எமது ஆச்சி இக் கணக்கை ஏற்பவரல்லர். வைக்கோலுக்குள் பழுக்க வைத்த மாங்காயை எடுத்துத் துடைத்தவாறே அவர் சொல்வார்: "உது பழத்துக்குள்ளேயே பிறக்கிற சாமான், மோனை. பழம் கனிஞ்சால் கொசு வரும். உதை ஆர் தடுக்கிறது?"

ஆச்சியை நகைப்பதற்கில்லை. ஐரோப்பாவின் பேரறிஞர்கள் பலரும் பல நூற்றாண்டுகள் அவ்வாறே நம்பினர். அழுகும் பொருளிலிருந்து புழு தானே தோன்றும் என்பது அரிஸ்டோட்டில் காலத்துக் கொள்கை. 1668ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவரான பிரான்செஸ்கோ ரெடி இறைச்சித் துண்டுகளைச் சில பாத்திரங்களில் திறந்தும் சிலவற்றில் மூடியும் வைத்துப் பார்த்தார். திறந்தவற்றிற் புழு நெளிந்தது, மூடியவற்றில் இல்லை. ஈ முட்டையிடாமற் புழு இல்லை என்பது அன்று துலங்கியது. கனிந்தால் வந்தே தீரும் என்பதும், காரணம் இருப்பதால் வருகிறது என்பதும் ஒன்றல்ல. முன்னையது விதி, பின்னையது மாற்றக்கூடியது.

நாம் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் எட்டாம் வகுப்பு மாணவர் ரெடியின் வழியைப் பின்பற்றி வாழைப்பழத்தில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு போத்தல்களில் கனிந்த கதலிப்பழம்; ஒன்று திறந்தபடி, மற்றது மெல்லிய வேட்டித் துணியால் வாய் கட்டப்பட்டது. பன்னிரண்டாம் நாள் ஒரு பையன் ஓடி வந்தான்: "சேர், துணி கட்டின போத்திலுக்குள்ளேயும் ரண்டு மூண்டு நிக்குது!" வகுப்பு இரண்டுபட்டது. ரெடி பொய் என்றது ஒரு கட்சி. துணியிற் கிழிசல் இருக்கிறது என்றது மறு கட்சி. பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "பழம் கடையிலை தொங்கேக்கையே முட்டை போட்டிருந்தால்?" அடுத்த முறை அவர்கள் நல்ல தோலுள்ள பழத்தைக் கழுவி உரித்து உள்ளே இட்டு, உடனே துணி கட்டினார்கள். பழம் கறுத்தது, நீர் விட்டது, பூஞ்சணம் பிடித்தது. கொசு ஒன்றும் தோன்றவில்லை. பாடநூலின் பத்துப் பக்கங்கள் தராத ஒன்றை அந்தப் பெண்பிள்ளையின் வினா அந்த வகுப்புக்குத் தந்தது.

கொசு வருவது இனிப்பைத் தேடி அன்று, புளிப்பைத் தேடி. பழத்தின் வெல்லத்தில் மதுவம் என்னும் நுண்ணுயிர் பெருகும்போது மதுசாரமும், பின்னர் வினாகிரியின் புளிப்பும் உண்டாகின்றன. அந்த மணமே கொசுவுக்கு அழைப்பிதழ். புழு தின்பதும் பெரும்பாலும் பழத்தையன்று, அதிற் பெருகிய மதுவத்தையே.

இவ்வுண்மையின் பாதியை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காமலே அறிந்திருந்தவர் நமது சீவல் தொழிலாளர். பனம்பாளையில் வெறும் முட்டியைக் கட்டினால் கள்ளு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பநீர். சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் பெருகாது. ஆதலின் சாறு புளிப்பதில்லை. பனங்களியைப் பாயில் ஊற்றி உயர்ந்த பந்தரில் வெயிலிற் காயவைத்துப் பனாட்டாக்கும் பெண்களும் அதே அறிவின் வாரிசுகள். நீர் வற்றிய இனிப்புப் புளிக்காது.

இவ்வறிவை உடையவனை யாழ்ப்பாணச் சமூகம் எவ்வாறு நடத்தியது? அவன் இறக்கிய கள்ளை வாங்கிக் குடித்தவர்கள் அவனைத் தங்கள் கிணற்றில் நீர் அள்ள விடவில்லை. கோயில் வாயிலைத் தாண்ட விடவில்லை. தேநீர்க் கடையில் மற்றவர் வாய் வைத்த கோப்பையை அவனுக்குத் தரவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும் நிலைமை மாறவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரத்திலும் நிகழ்ந்த போராட்டங்களும்தான் அந்தக் கதவுகளை அசைத்தன. எவருடைய கோப்பையிலும் பேதமின்றி அமர்ந்த ஒரே பிராணி கொசு. கொசுவின் வாய் பட்டதைத் தட்டிவிட்டுக் குடித்தவர்கள், மனிதனின் வாய் பட்டதைத் தீட்டு என்றார்கள். சுத்தம் என்ற சொல் எவ்வளவு பொய்யைச் சுமக்கவல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உண்மைச் சுத்தத்துக்கு வருவோம். வீட்டிற் கொசுவை ஒழிக்க விரும்புவோர் முதலில் அது பிறக்கும் இடத்தைக் காண வேண்டும். பழக் கடகம் மட்டுமே பிறப்பிடமன்று. வெங்காயச் சாக்கின் அடியில் அழுகிய ஒன்று, உருளைக்கிழங்குப் பெட்டியின் மூலையில் நீர்விட்ட ஒன்று, கழுவாத வெறும் போத்தலின் அடியில் நின்ற சொட்டு, நாட்பட்ட ஈரத் துணி, குப்பை வாளியின் அடியிற் படிந்த சாறு, பாத்திரம் கழுவும் தொட்டியின் துவாரத்தில் ஒட்டிய பசை: இவற்றில் ஒன்று எஞ்சினாலும் கூட்டம் எஞ்சும்.

பழத்தைக் குவித்து வைத்தலாகாது. பரப்பி வைத்து, நாள்தோறும் புரட்டிப் பார்த்து, அடிபட்டதை அன்றே தின்ன வேண்டும். தின்ன இயலாததை அகற்ற வேண்டும். வாங்கியவுடன் கழுவித் துடைத்து மெல்லிய துணியால் மூடினால் பாதி வேலை முடிந்தது. தோலையும் கொட்டையையும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ உடனே இடலாம். அல்லது வளவுக் கிடங்கிலிட்டு ஒரு சாண் மண்ணால் மூடலாம். மண் போடாத குப்பைக் கிடங்கு, வேறிடத்துக்கு மாற்றப்பட்ட கொசுப் பண்ணையேயாகும்.

ஏற்கனவே பறப்பவற்றுக்குப் பொறி உண்டு. ஒரு போத்தலில் இரண்டு விரற்கடை வினாகிரியோ புளித்த கள்ளின் மண்டியோ ஊற்றி, ஒரு துளி சவர்க்கார நீர் கலந்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் சிறு துவாரம் கீழிருக்குமாறு வாயிற் செருக வேண்டும். மணத்தைத் தேடி உள்ளே இறங்கும் கொசு வெளியேற வழி காணாது. சவர்க்காரம் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் அது மேலே நிற்கவும் முடியாமல் அமிழும். பொறியை மட்டும் வைத்துப் பிறப்பிடத்தை விட்டுவைத்தால் பயனில்லை; நாளுக்கு நூறு சாகும், நூறு பிறக்கும். பிறப்பிடத்தை அகற்றிய பின்னரும் முன்பு இட்ட முட்டைகள் பத்து நாள் வரையில் ஈயாகி வந்துகொண்டிருக்கும். இரண்டு கிழமை தளராதிருந்தால் வீடு விடுபடும். மூன்றாம் நாளே பலன் காணவில்லை என்று கைவிடுபவர்கள்தாம் நஞ்சை நாடுகிறார்கள்.

நஞ்சு எளிதிற் கிடைக்கிறது. கடைக்காரர் ஒருவர் எம்மிடம் அன்போடு சொன்னார்: "மாஸ்ரர், உதுக்கேன் கனக்க யோசிக்கிறியள்? உந்த ரின்னை ஒருக்கா அடிச்சு விடுங்கோ, ஒண்டும் மிஞ்சாது." மிஞ்சும் என்பதே உண்மை. பறக்கும் ஈ செத்து விழும். பழத்துக்குள் இருக்கும் புழு வளரும். நஞ்சு பழத்தின் மேலும் அடுப்படியிலும் படியும். அடுத்த கிழமை இன்னொரு ரின் வேண்டும். கடைக்காரர் கெட்டவரல்லர். காரணத்தைத் தொடாமல் விளைவை மட்டும் அடிப்பதும், அதனை மறுபடி மறுபடி விலைக்கு விற்பதும் ஒரு முழுப் பொருளாதாரத்தின் இயல்பு. அவர் அதன் கடைசிக் கண்ணி.

இந்த நாட்டுக்கு இப்பாடம் புதிதன்று. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மாண்டனர். பசித்த உடல்களே எளிதில் வீழ்ந்தன என்பதைக் கிராமங்களில் நிவாரணத்துக்குச் சென்ற இடதுசாரி இளைஞர் நேரிற் கண்டனர். 1946இல் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியது. நோய் சரிந்தது, 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே பதிவாயினர். வென்றுவிட்டோம் என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. சில ஆண்டுகளில் நோய் மீண்டு, 1960களின் முடிவில் நோயாளர் தொகை லட்சக்கணக்கில் ஏறியது. அப்பொழுது நுளம்பு டி.டி.ரி.க்கு அசையாததாகவும் மாறத் தொடங்கியிருந்தது. இறுதியில் 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றி மருந்தினால் மட்டும் வந்ததன்று. ஊரூராகச் சென்று இரத்தம் சோதித்து, ஒவ்வொரு நோயாளரையும் தேடிக் கண்டு மருந்து கொடுத்த பொதுச் சுகாதார ஊழியரின் உழைப்பால் வந்தது.

நஞ்சுக்குப் பூச்சி எவ்வாறு தப்புகிறது என்பதற்கு நம் கொசுவே சாட்சி. டி.டி.ரி.யைத் தாங்கும் துரோசோபிலாக்களில் நஞ்சைச் சிதைக்கும் ஒரு மரபணு மிகையாகத் தொழிற்படுவதே காரணம் என 2002இல் ஆய்வாளர் கண்டனர். நஞ்சு தெளிக்குந்தோறும் பலவீனமானவை சாகின்றன, தாங்கவல்லவை பெருகுகின்றன. ஆனால் மனிதன் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. நமது குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது; ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை; கிணறே உயிர். நிலத்தில் ஊற்றியது கல்லின் வெடிப்புகளினூடாகக் கிணற்றைச் சேர்கிறது. தோட்டத்துக்கு வாங்கிய நஞ்சுப் போத்தல் வீட்டு இறப்பிற் செருகப்பட்டிருந்ததால், ஒரு கணத் துயரில் உயிரை மாய்த்தவர்கள் எத்தனை பேர்! 1995இலும் 1998இலும் அரசு கொடிய நஞ்சுகள் சிலவற்றைத் தடைசெய்தது. அதன்பின் பத்து ஆண்டுகளில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எந்த உபதேசமும் செய்யாததை ஒரு பொது நடவடிக்கை செய்தது.

பொது நடவடிக்கை என்றோம். யாழ்ப்பாணத்தான் வேலியை நம்புகிறவன். கதியால் நட்டு, கிடுகு கட்டி, ஓரடி நிலத்துக்கு நீதிமன்றம் ஏறுகிறவன். கொசு அந்த வேலியை அறியாது. நாம் நமது குசினியை எவ்வளவு துடைத்தாலும், அயல் வளவில் விலாட்டு மாம்பழம் விழுந்து அழுகினால், ஊர்ச் சந்தையின் பின்புறத்தில் வாழைக்குலைத் தண்டுகள் குவிந்து கிடந்தால், கொசு வரும். மரத்திலேயே காயைத் துளைக்கும் பெரிய பழ ஈக்கு இது இன்னும் பொருந்தும். விழுந்த பழத்தைப் பொறுக்கி இரண்டடி ஆழத்திற் புதைத்தல், காயைக் காகிதப் பையால் மூடுதல், துளசியிலும் இருக்கும் மெதைல் இயூஜினோல் என்னும் மணப்பொருளால் ஆண் ஈக்களைப் பொறியில் ஈர்த்தல் ஆகியன அதற்குரிய முறைகள். ஒரு வளவு மட்டும் செய்தால் வீண். ஓர் ஊர் முழுவதும் செய்தாற் பயன்.

ஜப்பானில் ஒகினாவாத் தீவுக் கூட்டத்தார் பாகற் குடும்பக் காய்களை அழித்த ஈயை 1972இல் ஒரு தீவிலிருந்து தொடங்கி, மலடாக்கிய ஆண் ஈக்களைப் பெருந்தொகையாய்ப் பறக்கவிட்டு, 1993இல் முற்றாக ஒழித்தனர். இருபத்தொரு ஆண்டுப் பொதுமுயற்சி. எவனுடைய வேலிக்குள்ளும் அடங்காத வேலை அது.

அறிவின் பக்கம் நிற்பவர்களாகிய நாம் மறக்கலாகாத இன்னொரு கதை உண்டு. 1910இல் நியூயோர்க்கிலே தோமஸ் ஹன்ட் மோர்கன் பால் போத்தல்களில் வாழைப்பழம் இட்டு வளர்த்த கொசுக்களிடையே வெள்ளைக் கண்ணுடைய ஒன்றைக் கண்டார். அந்த ஒரு பூச்சியின் சந்ததியிலிருந்து, மரபுப் பண்புகள் நிறமூர்த்தங்களில் இருக்கின்றன என்ற உண்மை வெளிப்பட்டது. மோர்கனின் மாணவர் ஹேர்மன் முல்லர் சோஷலிசத்தில் நம்பிக்கை கொண்டு 1933இல் சோவியத் நாட்டுக்குச் சென்று பணியாற்றினார். ஆனால் அங்கு லைசென்கோ என்பவர் மரபியலை முதலாளித்துவப் பொய் என்றார். அதிகாரம் அவர் பக்கம் சாய்ந்தது. முல்லர் 1937இல் வெளியேறினார். உலகெங்கும் பயிர் விதை தேடித் திரட்டிய மாமேதை வவிலோவ் 1940இற் கைதாகி, 1943இல் சராத்தொவ் சிறையில் பட்டினியால் மாண்டார். 1948இல் மரபியல் அங்கு முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை, பழ ஈயை நேசிப்போர் மனிதரை வெறுப்போர் என்று தலைப்பிலேயே வசை பாடியது. மக்களுக்குச் சோறு வேண்டியிருக்க இவர்கள் கொசு வளர்க்கிறார்களே என்பது குற்றச்சாட்டு. சோறு தர வல்ல அறிவு அந்தக் கொசுப் போத்தலிலேதான் இருந்தது. பிரித்தானியக் கம்யூனிஸ்டாக விளங்கிய மரபியலறிஞர் ஹால்டேன் இவ்விடயத்தால் மனமுறிந்து கட்சியை விட்டு விலகினார்; 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறையும் வரை அந்நாட்டு மாணவரோடு ஆய்வு செய்தார்.

இது தொலைதூரக் கதை என்று எண்ணுவோர் 2021ஐ நினைவுகூரட்டும். இரசாயன உரத்தினதும் பூச்சிநாசினியினதும் இறக்குமதியை அரசு அவ்வாண்டு மே மாதத்தில் ஒரே ஆணையால் நிறுத்தியது. நோக்கம் இயற்கை விவசாயம் எனப்பட்டது. மாற்று வழியும் கற்பிக்கப்படவில்லை. கமக்காரரிடம் கேட்கவும் இல்லை. நவம்பரில் ஆணை தளர்ந்தது. அதற்குள் விளைச்சல் சரிந்து, பழி ஏழையின் உலையில் விழுந்தது. நஞ்சைக் குறைக்க வேண்டும் என்பது சரி. மேலிருந்து வரும் கட்டளை அறிவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது சரியான நோக்கமும் கேடாகிறது என்பதே பாடம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். பள்ளிக்கூடத்துக்கு நுணுக்குக்காட்டி இல்லை, ஆய்வுகூடம் இல்லை என்று நாம் குறைப்படுவதில் நியாயம் உண்டு. அவற்றைக் கேட்டுப் போராடவும் வேண்டும். ஆயினும் இரண்டு வெறும் போத்தல், ஒரு துண்டுத் துணி, ஒரு கதலிப்பழம் எந்த வகுப்புக்கும் எட்டும். பிள்ளைகள் தாமே கண்டு, தம்முள் வாதாடி, மறுபடி செய்து பார்க்கட்டும். பின்னர் அவர்களே வீடு சென்று குசினி மூலையைத் தாயோடு சேர்ந்து துப்புரவாக்கட்டும். பெண்பிள்ளைகள் மட்டுமன்று, ஆண்பிள்ளைகளும். அதன்பின் அயலாரை அழைத்து ஒழுங்கையில் விழுந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிப் புதைக்கட்டும். கனிந்தால் வந்தே தீரும் என்ற பேச்சை ஒருமுறை பொய்யாக்கிக் கண்ட பிள்ளை, ஏழ்மையும் தீண்டாமையும் அவ்வாறே வந்தே தீரும் என்பாரையும் காரணம் கேட்கும்.